சிவப்புத் துணியை அவிழ்த்தவன்

திங்கள்கிழமை காலை ஆறரை மணிக்கு நீங்கள் நான்கு பேரும் போடியில் ஜீப் ஏறப்போகிறீர்கள். உங்கள் கையில் ஒரு கையேடு இருக்கும். எந்த மருந்து அடித்தால் எத்தனை நாள் யாரும் தோட்டத்துக்குள் போகக் கூடாது, எந்தப் படிவத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும், நம்மிடம் ஏலக்காய் வாங்குகிற நாடுகள் எந்தெந்த மருந்தை ஒப்புக்கொள்ளாது என்று எல்லாம் அதில் இருக்கிறது. அதில் பாதியை எழுதியவன் நான்தான். நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். அந்தக் கையேட்டில் இல்லாத ஒரு நாளைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

இப்படியெல்லாம் எழுதுவதற்கு ஓய்வு பெற்ற வயது வேண்டும் என்று தோன்றும். எனக்கு முப்பத்திரண்டுதான் ஆகிறது. மலையில் ஏழு வருடம் இருந்தேன், இப்போது கீழே அலுவலகத்தில் போட்டுவிட்டார்கள். மலையில் என் இடத்துக்கு நீங்கள் வருகிறீர்கள். அதனால் சொல்லவேண்டியதை மறந்துபோவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ராசிங்காபுரம். அப்பா அடுத்தவர் காட்டில் வேலை செய்தவர். அம்மா பல வருடம் ஜீப்பில் மலையேறிப் போய் ஏலத்தோட்டத்தில் காயெடுத்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்தது நான்தான் முதல். ரேஷன் கார்டு, பத்திரம், மருந்துச் சீட்டு என்று எங்கள் தெருவுக்கு எது வந்தாலும் வாசிப்பதற்கு என்னிடம் கொண்டுவருவார்கள். நான் வாசித்துச் சொன்னால் அது முடிந்த முடிவு. எழுத்தில் இருப்பது உண்மை என்ற நம்பிக்கை எனக்குள் அப்படித்தான் ஊறியது. கல்லூரியில் வேதியியல் படித்தேன். ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் இந்த நிறுவனத்தில், தோட்டங்களின் மருந்துக் கணக்கையும் தொழிலாளர் பாதுகாப்பையும் பார்க்கும் கள அலுவலராக வேலை கிடைத்தது. அந்த நம்பிக்கை வேலைக்குப் பொருத்தமானது என்றுதான் அப்போது நினைத்தேன்.

நான் முதலில் பொறுப்பேற்ற தோட்டம் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள் இருந்தது. பெயர் வேண்டாம். அங்கே காயெடுக்கப் போனவர்களில் பாதிப்பேர் எங்கள் பக்கத்துப் பெண்கள். அவர்களில் பாண்டியம்மாள் என் அம்மாவோடு ஒரே ஜீப்பில் போய் வந்தவர். நான் அவரை அத்தை என்பேன். அவர் என்னை மருமகனே என்பார், கேலி செய்ய வேண்டும் என்றால் ஆபிசரு என்பார். பெரும்பாலும் ஆபிசருதான்.

வெளிநாட்டுக்காரர்களின் சார்பில் தணிக்கைக்கு ஆட்கள் வரும் நாளில் எல்லாருக்கும் ரப்பர் கையுறை கொடுப்போம். விளைந்த காய் எது, பிஞ்சு எது என்று செடியின் அடியில் விரலால் தொட்டுத்தான் பிரிக்க முடியும். கையுறை போட்டால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. தணிக்கைக்காரர்களின் வண்டி வளைவில் மறைந்ததும் எல்லாரும் கழற்றிச் சாக்கில் போட்டுவிடுவார்கள். நான் அந்தச் சாக்கைப் பத்திரமாக ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கட்டடத்தில், பூட்டி வைப்பேன். "கையுறை வழங்கப்பட்டது" என்ற கட்டத்தில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது அல்லவா.

ஒருநாள் அப்படிச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தபோது பாண்டியம்மாள் அத்தை கேட்டார்.

"ஆபிசரு, போன வாரம் ஒரு பையில காயைப் போட்டு சீல் வச்சுக் கொண்டுபோனியே, அது எதுக்கு?"

"அதுல மருந்து ஒட்டியிருக்கான்னு பாக்குறதுக்கு அத்தை. பரிசோதனைக்கு அனுப்புறோம்."

"யாருக்கு ஒட்டிறக் கூடாதுன்னு?"

"சாப்பிடுறவங்களுக்கு."

"அந்தக் காயை மென்னு திங்கிறவன் ஒரு நாளைக்கு ஒண்ணு திம்பானா? நாங்க நாள் முச்சூடும் அதுக்குள்ளதான கெடக்குறோம். எங்களை ஒரு பையில போட்டு சீல் வச்சு அனுப்ப மாட்டியளோ?"

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சிரித்ததை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

*

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தோட்டத்தில் ஒரு பகுதிக்கு, ஒரு பிளாக்குக்கு, மருந்தடித்து முடித்ததும் அதன் நுழைவில் இருக்கும் மரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். துணி இருக்கும்வரை யாரும் உள்ளே போக மாட்டார்கள். கட்டியவன்தான் அதை அவிழ்க்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. இந்த வழக்கத்தை எந்த நிறுவனமும் கொண்டுவரவில்லை. மருந்தடிப்பவர்களும் காயெடுப்பவர்களும் தங்களுக்குள் வைத்துக்கொண்டது.

மருந்தடிப்பவர்களில் மூத்தவர் சிலமலை முருகேசன் அண்ணன். மூக்கில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, எந்நேரமும் சிவந்த கண்ணோடு திரிவார். அவருக்கு எழுத வராது. மருந்துப் பதிவேட்டை ஆபீசில் எழுதுவார்கள், அவர் அதில் கைநாட்டு வைப்பார்.

"இந்தத் துணி எதுக்குண்ணே, அதுதான் பதிவேடு இருக்கே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எழுதத் தெரிஞ்சவக பொஸ்தகத்துல எழுதுறாக தம்பி. எனக்கு இதுதேன் பொஸ்தகம்."

அதையும் நான் ஒரு நல்ல பேச்சாக ரசித்துவிட்டு விட்டுவிட்டேன்.

மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு மாதம். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்திருந்தது. நல்ல பச்சை நிறத்தில், பெரிய காயாக வேண்டும், குறிப்பிட்ட தேதிக்குள் கொச்சித் துறைமுகத்துக்குப் போய்விட வேண்டும். கொடுக்கவேண்டிய அளவில் கொஞ்சம் குறைந்தது. அந்தக் கொஞ்சம் நாலாம் பிளாக்கில் இருந்தது. செடியில் காய் எடுக்கிற பருவத்தில் நின்றது. ஆனால் நுழைவு மரத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

முருகேசன் அண்ணன் தோட்டத்தில் இல்லை. தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும், அதனால் மூன்று நாள் லீவு போட்டுவிட்டுச் சிலமலைக்குப் போயிருந்தார். தோட்டத்தில் போன் எடுக்காது.

நான் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நாலாம் பிளாக்கில் கடைசியாக மருந்தடித்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அனுமதிக்கப்பட்ட மருந்துதான். கையேட்டின்படி ஏழு நாள் போதும். அந்தப் பிளாக்கிலிருந்து சில நாள் முன்னால் நான் எடுத்து அனுப்பிய காய்க்குப் பரிசோதனை அறிக்கையும் வந்திருந்தது. சுத்தம். இரண்டு காகிதமும் ஒன்றையே சொன்னன.

மேனேஜர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். "சாரமில்ல, பரவாயில்ல, அவன் அவுக்க மறந்துட்டுப் போயிருப்பான். நீங்க பாத்து ஒரு முடிவு சொல்லுங்க" என்றார். முடிவை என்னிடம் விட்டார். அது எனக்குப் பெருமையாக இருந்தது.

பெண்கள் பிளாக்குக்கு முன்னால் நின்றார்கள். இடுப்பில் பிளாஸ்டிக் படுதா கட்டியிருந்தார்கள். ஈரத்துக்கும் அட்டைக்கும் அதுதான் அவர்களுக்குக் காப்பு.

"துணி இருக்கே ஆபிசரு" என்றார் பாண்டியம்மாள் அத்தை.

"பன்னெண்டு நாள் ஆச்சு அத்தை. நான் பாத்துட்டேன்."

"எதுல பாத்த?"

"பதிவேட்டுல. ரிப்போர்ட்டும் வந்திருச்சு."

"முருகேசன் வரட்டுமே."

"நாளைக்கழிச்சுத்தான் வருவாரு. லோடு நாளைக்குப் போகணும். என்மேல நம்பிக்கை இல்லையா?"

அத்தை என் முகத்தைப் பார்த்தார். பிறகு மற்ற பெண்களைப் பார்த்து, "வாங்கடி, மருமகன் படிச்சவன், பாத்துட்டுத்தான் சொல்றான்" என்றார்.

நான் துணியை அவிழ்த்தேன். முடிச்சு இறுக்கமாக இருந்தது. துணி நல்ல சிவப்பாக இருந்தது. அதைச் சுருட்டி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பன்னிரண்டு நாள் மலை மழையில் கிடந்த துணி அந்த நிறத்தில் இருக்காது. என் கையில் இருந்தபோதே அது எனக்குச் சொல்லியது. நான் வாசித்துப் பழகியது காகிதத்தை மட்டும்தான்.

*

பதினொரு மணி இருக்கும். ஸ்டோரில் எடை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் ஓடிவந்தாள்.

"பாண்டியம்மா மதினிக்கு என்னமோ பண்ணுது. வெரசா வாங்க."

நான் போனபோது அத்தை செடிகளுக்கு நடுவே சாய்ந்து கிடந்தார். வாயில் எச்சில் நிற்காமல் வழிந்தது. அந்தக் குளிரில் உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. கன்னச் சதை தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. அவர் இமையை விரித்துப் பார்த்தேன். கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு பெண்கள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சி வகுப்பில் இந்த அறிகுறிகளை நான் மனப்பாடம் செய்து எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். அது எந்த வகை மருந்தின் வேலை என்று எனக்குத் தெரியும். பதிவேட்டில் இருந்த மருந்து இப்படிச் செய்யாது என்றும் தெரியும்.

மேனேஜர் வந்தார். "காலையில ஒண்ணும் திங்காம வந்திருக்கும். பட்டினி மயக்கம். சர்க்கரைத் தண்ணி கொடுங்க."

"வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "எல்லாரும் வெளிய வாங்க. உடுத்தியிருக்கிறதை மாத்தணும். சோப்புப் போட்டுக் கழுவணும்."

ஓடையோரத்தில் நான்கு பெண்கள் தங்கள் துண்டுகளையும் ஒரு பழைய தார்ப்பாயையும் விரித்து மறைப்புக் கட்டினார்கள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அத்தையின் படுதாவை ஒருத்தி மறைப்புக்கு வெளியே எறிந்தாள். உள்பக்கம் முழுக்க ஈரம். இலையிலிருந்து சொட்டியதெல்லாம் அந்தப் பிளாஸ்டிக்குக்கும் உடம்புக்கும் நடுவில் காலையிலிருந்து தேங்கியிருக்கிறது. அவர்களுடைய காப்பே அன்று மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது.

டிரைவர் செல்வம் ஜீப்பை எடுத்துவந்தான். மூன்று பேரையும் ஏற்றினோம். அத்தையின் தலை என் மடியில். ஜீப் கிளம்பும்போது மேனேஜர் ஓடிவந்து கம்பியைப் பிடித்தார்.

"டாக்டரு கேட்டா என்ன மருந்துன்னு தெரியாதுன்னு சொல்லுங்க. தெரிஞ்சா இந்தத் தோட்டத்துக் காயை எவனும் தொட மாட்டான். உங்க கம்பெனிக்கும்தான். நூறு குடும்பம் இதுல இருக்கு தம்பி. யோசிச்சுப் பேசுங்க."

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை.

போடிமெட்டுக்கு வரும்வரை போனில் சிக்னல் கிடையாது. அந்த முக்கால் மணி நேரம் அத்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தேன். மூச்சு ஒவ்வொரு முறையும் கொழகொழவென்று ஏறி இறங்கியது. என்ன மருந்து என்று டாக்டருக்குச் சரியாகச் சொன்னால் அவர் தடுமாறாமல் வைத்தியம் செய்வார். ஆனால் எனக்குத் தெரிந்தது அது என்ன வகை என்பது மட்டும்தான். என்னவெல்லாம் கலந்து அடித்தார்கள் என்பது தெரியாது. அது தெரிந்தவர் சிலமலையில், தங்கை மகனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மெட்டில் சிக்னல் வந்ததும் அழைத்தேன். பின்னால் மேளச் சத்தம்.

"அண்ணே, நாலாம் பிளாக்குல கடைசியா என்ன மருந்து அடிச்சீங்க?"

"பொஸ்தகத்துல இருக்கிறதுதேன் தம்பி."

"பதிவேட்டுல இருக்கிறது இல்லண்ணே. சொல்லுங்க."

"எனக்கு என்னத்தத் தெரியும், குடுத்ததை அடிச்சேன். ஆபீஸ்ல கேளு."

வைத்துவிடப்போகிறார் என்று தெரிந்தது. அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். கேட்பவன் கம்பெனி ஆள். சொன்னால் அவர் வேலை போகும். அவரைக் குற்றவாளியாக நிறுத்தும் கேள்வியை நான் இரண்டு விதமாக மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தை மடியில் ஒருமுறை உதறினார். அப்போதுதான் வேறு விதமாக வந்தது.

"அண்ணே, துணியை நான் அவுத்துட்டேன்."

மறுபக்கம் மேளச் சத்தம் தள்ளிப்போனது. அவர் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

"யாரு அவுத்தது?"

"நான்தான். நீங்க மறந்துட்டுப் போயிட்டீங்கன்னு நினைச்சுட்டேன்."

"நான் எதுக்குடா மறக்கப்போறேன்! முந்தா நாள் சாயங்காலம் புதுத் துணி கட்டிட்டுல்ல வந்தேன். யாரு உள்ள போனா?"

"பன்னெண்டு பேரு. பாண்டியம்மா அத்தை என் மடியில கெடக்குறாங்க. பேச்சு மூச்சு இல்ல."

"ஐயோ, மதினியா?"

அதன்பிறகு நான் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார். பூச்சி மிஞ்சிப்போனதால் பட்டியலில் இல்லாத ஒரு மருந்தை வரவழைத்தார்கள் என்றார். இன்னொன்றையும் அதோடு கலந்து அடிக்கச் சொன்னார்கள். பதிவேட்டில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டப்பாவின் நிறம், மூடி, அதில் போட்டிருந்த படம், எத்தனை மூடி ஊற்றினார் என்பது எல்லாம் சொன்னார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர் என்பதால் ஒவ்வொன்றையும் கண்ணால் நினைவில் வைத்திருந்தார். அவர் சொன்ன அடையாளத்தை வைத்து இரண்டு மருந்தின் பெயரும் எனக்குப் புரிந்துவிட்டது.

"தம்பி, நான் சொன்னேன்னு சொல்லுவியா?"

"உங்க பேரைச் சொல்ல மாட்டேண்ணே. நான் அவுத்தேன்னு சொல்லுவேன்."

"வேணாம். எம்பேரையும் சொல்லிரு. நான் ஆஸ்பத்திரிக்கு வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

மலையிலிருந்து இறங்கி அடிவாரத்தில் முந்தல் ஊரைத் தாண்டும்போது அத்தையின் உதடு நீலம் பூத்திருந்தது. செல்வம் அன்று போட்ட ஹாரன் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு இளம்பெண். பார்த்த உடனே மூச்சுக்கு வழி செய்யச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்ன மருந்து?"

சொன்னேன். இரண்டு பெயரையும் சொன்னேன். அவர் போய் ஊசிகளை ஆரம்பித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இது போலீசுக்கும் போகும். நீங்க சொன்னதா எழுதிக்கட்டுமா? பின்னாடி இல்லைன்னு சொல்ல மாட்டீங்களே?"

என் சட்டைப் பையில் அந்தத் துணி இருந்தது. கப்பலையும் ஆர்டரையும் மேனேஜர் சொன்ன நூறு குடும்பத்தையும் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். எல்லாம் நினைவுக்கு வந்தது. "எழுதிக்கங்க" என்று சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

கையெழுத்துப் போட்டேன். அதுவரை படிவங்களில் எத்தனையோ ஆயிரம் கையெழுத்துப் போட்டிருப்பேன். போடும்போது கை கனத்தது அது ஒன்றுதான்.

சாயங்காலம் முருகேசன் அண்ணன் வேட்டியில் சந்தனக் கறையோடு வந்து வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என்னிடம் கையை நீட்டினார். துணியை எடுத்துக் கொடுத்தேன். அதை மடித்துத் தன் மடியில் செருகிக்கொண்டார்.

*

பாண்டியம்மாள் அத்தை பிழைத்தார். மூன்றாம் நாள் கண் விழித்தார். மற்ற இருவரும் முன்பே தேறிவிட்டார்கள்.

இதோடு நிறுத்தினால் நான் நல்லது செய்தவன் போலத் தெரியும். ஆனால் நடந்தது அது மட்டும் இல்லை. அந்தத் தோட்டத்துக் காயை நம் நிறுவனம் எடுப்பதை நிறுத்தியது. ஆர்டர் போனது. அந்தப் பருவம் முழுக்கத் தோட்டத்தில் பாதி ஆட்களுக்கு வேலை இல்லை. ராசிங்காபுரத்தில் ஜீப் வரும் இடத்தில் பெண்கள் தூக்குவாளியோடு நின்று, ஜீப் வராமல் திரும்பிப் போனார்கள். நான் அந்த வழியாகப் போகும்போது ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள்.

"நல்ல பிள்ளைதான். நெசத்தைச் சொல்லிட்டான். அவனுக்கு நாளைக்கும் சோலி இருக்குல்ல."

தொலைதூரத்தில் ஒருவர் டீயில் போடும் ஏலக்காயில் மருந்து இருக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் போடுகிறார்கள். அது நல்ல பட்டியல்தான். ஆனால் அந்தப் பட்டியலுக்குப் பயந்து இங்கே மருந்தைப் பதிவேட்டிலிருந்து மறைக்கிறார்கள். மறைத்த மருந்து காயில் தெரியாமல் போகலாம், காயெடுப்பவரின் தோலில் இறங்காமல் போகாது. வாங்குபவர் காயைச் சோதிக்கிறார், நாம் காகிதத்தைச் சோதிக்கிறோம். அந்த ஈர இலைக்குள் உட்கார்ந்திருப்பவரைச் சோதிப்பது யார் பொறுப்பு என்று எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. அன்று அந்தப் பொறுப்பைச் செய்தது ஒரு முழத் துணி. அதைத்தான் நான் அவிழ்த்தேன்.

நிறுவனத்தில் என்னை விசாரித்தார்கள். துணியை அவிழ்த்ததை எழுதிக் கொடுத்தேன். வேலையை விட்டு அனுப்பவில்லை. அடுத்த பருவத்தில் புதிய நிபந்தனைகளோடு அந்தத் தோட்டத்தை மறுபடி எடுத்தார்கள். மேனேஜர் மாறிப்போயிருந்தார். என்னையே திரும்ப அனுப்பினார்கள். போக வேண்டாம் என்று அம்மா சொன்னார். "எந்த மூஞ்சியோட போவ?" என்றார். அந்த மூஞ்சியோடுதான் போனேன்.

பாண்டியம்மாள் அத்தையும் அன்று வந்திருந்தார். இளைத்திருந்தார். வலது கை லேசாக ஆடிக்கொண்டிருந்தது, அது அதன்பிறகு நிற்கவேயில்லை. என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போல ஜீப்பிலிருந்து இறங்கினார். மருமகனே என்றும் இல்லை, ஆபிசரு என்றும் இல்லை.

நாலாம் பிளாக்கில் மருந்தடித்துக் குறித்த நாள் கடந்திருந்தது. மரத்தில் துணி இருந்தது. மழையில் நைந்து வெளுத்திருந்தது. முருகேசன் அண்ணன் அதை அவிழ்த்தார். பெண்கள் யாரும் அசையவில்லை.

பாண்டியம்மாள் அத்தை கேட்டார். "அவுத்தது யாரு?"

"நாந்தேன் மதினி. பாத்துட்டுத்தானே நிக்கிறிய."

"பாத்தேன். இனிமே கேட்டுட்டுத்தேன் போவோம். அவுத்தவன் முதல்ல உள்ள போ."

முருகேசன் அண்ணன் சிரிக்காமல், தலையைக் குனிந்து செடிகளுக்குள் போய் உட்கார்ந்தார். அத்தை இன்னும் நின்ற இடத்தில் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ?"

"அத்தை?"

"போன தடவ அவுத்தது நீதான? அதுக்கு முதல்ல உள்ள போகவே இல்லையே. போ ஆபிசரு. போய் உக்காரு."

நான் போனேன். அதுவரை நூறு முறை அந்தப் பிளாக்கின் ஓரத்தில் நின்று குறிப்பெடுத்திருக்கிறேன். உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. உட்கார்ந்ததும் வானம் தெரியவில்லை. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளைந்து மூடிக்கொண்டது. இலையெல்லாம் முகத்திலும் கழுத்திலும் ஈரமாகப் படிந்தன. ஒரு காயைப் பறிக்கக் கையை நீட்டினால் நாலு இலை தோளில் சொட்டியது. பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது. என் அம்மா எத்தனை வருடம் இதற்குள் இருந்தார் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். அத்தை எனக்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தார். ஆடும் கையால் ஒரு காயைத் தொட்டு, பிஞ்சு என்று விட்டுவிட்டு, அடுத்ததைப் பறித்தார்.

"மத்தியானம் வரைக்கும் இருக்கணும்" என்றார், என்னைப் பார்க்காமல். கொஞ்சம் கழித்து, "கஞ்சி கொண்டாந்திருக்கியா, அதுவும் எங்ககிட்டதானா?"

மத்தியானம் ஓடையில் எல்லாரும் கை கழுவிய பிறகு அவர் தூக்குவாளியிலிருந்துதான் சாப்பிட்டேன்.

கையேட்டில் இதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். படிவத்தில் இதற்கு இடம் இல்லை என்றார்கள். அதனால் உங்களிடம் நேராகச் சொல்கிறேன். திங்கள்கிழமை நாலாம் பிளாக்கைத் திறக்கிற நாள். பதிவேடு வாசியுங்கள், அறிக்கை வாசியுங்கள். அதன்பிறகு மரத்தின் அருகில் போய்த் துணியின் நிறத்தைப் பாருங்கள். வெளுக்கவில்லை என்றால் யார் சொன்னாலும், எந்தக் கப்பல் காத்திருந்தாலும், ஸ்டோருக்குத் திரும்பிவிடுங்கள். வெளுத்திருந்தால் முருகேசன் அண்ணன் அவிழ்ப்பார். நீங்கள் தொடாதீர்கள்.

அவர் உள்ளே போனதும் கை ஆடும் ஒரு அம்மா உங்களைத் திரும்பிப் பார்ப்பார். மாற்றுச் சட்டை ஒன்று கொண்டுபோங்கள்.